தரகு

செவ்வாய்க்கிழமைச் சந்தை போச்சு.
மேலப்பாளையத்தில் மாடுகள் லாரியிலிருந்து இறங்கும் நேரம்
நான் ஹைகிரவுண்டில்
சாய்வு நாற்காலியில் கிடக்கிறேன்,
வாயைப் பிளந்து.

முப்பத்தெட்டு வருசம்
மாட்டு வாயைப் பிளந்து பார்த்தவன்.
உதட்டைத் தூக்கினால் போதும்:
ரெண்டு பல்லு, நாலு பல்லு, கடை சேர்ந்தது,
விற்கிறவன் எத்தனை வயசை முழுங்கினான் என்பது வரை.
இன்றைக்கு என் உதட்டைத் தூக்குகிறது
டாக்டர் ஜெபசெல்வியின் ரப்பர் விரல்.
என் வயசு அங்கே இல்லை.
பக்கத்துக் கிண்ணத்தில், தண்ணீருக்குள்,
ரோஸ் ஈறோடு சிரித்துக்கொண்டிருக்கிறது.

அண்ணத்தில் பூஞ்சை.
நனைந்த வைக்கோலில் பூக்கும், பழைய ரொட்டியில் பூக்கும்,
மனுசன் வாயிலுமா?
ஏழு வருசமாய்ப் பல்செட்டோடே தூங்கினேன்.
நடுராத்திரி எழுப்பி ஒருத்தன் விலை கேட்டால்
பொக்கை வாயாலா சொல்ல?
சுகர் முன்னூற்றுப் பத்து.
சொட்டு மருந்துக்குப் போனது.
நோன்பு முடிந்ததும் திரும்பி வந்தது,
கடன் கொடுத்தவன் மாதிரி, அதே வாசலுக்கு.
ரசம் எரிந்தது.
கடைசியில் வெறும் சோறும் எரிந்தது.

இந்த ஊர் வெயிலைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை.
சித்திரையில் மாட்டுச் சங்கிலியைத் தொட்டால் கை பொரியும்.
அத்தனை வெயிலில் அலைந்தும் ஒரு கீற்று
என் அண்ணத்துக்குப் போனதில்லை.
வாயை மூடாமல்தான் பேசினேன்.
ஆனாலும்.

முதலில் நீலம்.
பஞ்சில் தொட்டு அண்ணம் முழுக்கப் பூசினாள்.
"அஞ்சு நிமிசம் பேசக் கூடாது."
அஞ்சு நிமிசம்!
அதற்குள் ஒரு ஜோடி உழவு மாட்டைப்
பணகுடிக்காரனிடம் பிரித்து
நாங்குநேரிக்காரன் கையில் கொடுத்திருப்பேன்.

பிறகு கண்ணுக்குக் கறுப்புக் கண்ணாடி.
பேனா போல ஒன்று, நுனியில் சிவப்பு.
சுடவில்லை, குத்தவில்லை.
டார்ச்சை உள்ளங்கையில் பொத்தினால் தெரியுமே,
அந்தச் சிவப்பில் என் கன்னம் எரிவதை
நர்ஸ் பிடித்த கண்ணாடியில் பார்த்தேன்.

கொல்வது எது, அதுவா இதுவா?
வாய் பிளந்திருந்ததால் கையால் கேட்டேன்.
"வெளிச்சம் மட்டும் அடிச்சா ஒண்ணும் ஆகாது, பாய்.
சாயம் மட்டும் பூசுனாலும் பத்தாது.
சாயம் பூஞ்சையில போய் ஒட்டிக்கிடும்.
வெளிச்சத்த வாங்கி
பக்கத்துல இருக்க பிராணவாயுகிட்ட குடுக்கும்.
அதுக்கு வெறி புடிச்சிரும்.
அந்த வெறிதான் கொல்லுது."

அப்படியா சங்கதி.
துண்டுக்கு அடியில் நான் பிடித்த விரல்கள் எத்தனை!
விற்கிறவனும் வாங்குகிறவனும்
முகம் கொடுத்துப் பேசமாட்டார்கள்.
நடுவில் ஒருத்தன் வேண்டும்,
அங்கே வாங்கி இங்கே கொடுக்க.
வெளிச்சம் வெளியே எந்நாளும் இருந்தது.
மூச்சு உள்ளே எந்நாளும் இருந்தது.
அறிமுகம் செய்துவைக்கத்தான் ஆள் இல்லை.
இப்போது என் வாய்க்குள் எவனோ
நீலத் துண்டை விரித்துப் போட்டு
பேரம் முடித்துக்கொண்டிருக்கிறான்.

"நாலு வாரம் வரணும்.
ராத்திரி பல்செட்டக் கழட்டணும்.
சுகர் குறையலன்னா திரும்ப வரும்,
இப்பவே சொல்லிட்டேன்."
குறையைச் சொல்லி விற்கிறவரை நான் நம்புவேன்.
சந்தையில் அப்படி இரண்டு பேரைத்தான் பார்த்திருக்கிறேன்.

கொப்பளித்தேன். தொட்டியெல்லாம் நீலம்.
மேலப்பாளையம் பஸ்ஸில் ஒரு குழந்தை
என் நாக்கையே பார்த்தது. நீட்டிக் காட்டினேன்.
இறங்கி டீ குடித்தேன்.
எரிந்தது. கொஞ்சம் தாமதித்து எரிந்தது.

ராத்திரி பல்லைக் கிண்ணத்தில் போட்டுவிட்டுத் திரும்பினேன்.
லைட்டை அணைக்க வந்த ரஹ்மத் பீவி
ஏழு வருசத்தில் முதல் தடவையாய்ப் பார்த்தாள்.
"யாரு வே நீரு?"
இரண்டு பேரும் சிரித்தோம்,
எனக்குச் சத்தம் காற்றாய்ப் போனது.

சட்டையில் நெஞ்சுக்கு நேரே ஒரு துளி நீலம்.
சோப்பு போட்டாள், எலுமிச்சை தேய்த்தாள்,
போகவில்லை.
இருக்கட்டும் விடு என்றேன்.
அவனுக்கும் தரகு வேண்டாமா.